வெளுத்ததெல்லாம் பால் இல்லை

வீடுகளுக்குச் சுவர்ப்பூச்சு பூசும் அந்தப் பெயின்டரை வேலையிடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சரி' என்றுதான் கூப்பிடுவார்கள். "சரி எங்கப்பா? அவனைப் பின்சுவருக்கு அனுப்பு" என்று மேஸ்திரி கத்துவார். யார் எதைச் சொன்னாலும் அவன் வாயிலிருந்து முதலில் உதிர்வது அந்த ஒரு சொல்தான். மேஸ்திரி நிறத்தை மாற்றச் சொன்னால் சரி. வீட்டுக்காரர் வந்து பழைய நிறமே இருக்கட்டும் என்றால் அதற்கும் சரி. ஏணியை இன்னும் ஒரு சாண் தள்ளிப் போடு, மூலை எட்டும் என்று யாரோ சொன்னதற்கும் சரி என்றுதான் சொன்னான். ஏணி சறுக்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார வேண்டியதாகிவிட்டது.

அவன் மனைவி பஸ் கண்டக்டர். குழந்தை பிறந்ததிலிருந்து அரை நாள் வேலைதான் பார்த்துவந்தாள். புருஷன் வீட்டில் உட்கார்ந்ததும் முழு நாளுக்கு மாறிக்கொண்டாள். அப்படித்தான் சில்லுவின் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது.

சில்லு என்பது அவர்களுடைய இரண்டு வயது மகள். பிறக்கும்போது ஓட்டுச் சில்லு போல உள்ளங்கையில் அடங்கிக் கிடந்ததால் வந்த பெயர். அவளுக்கும் பாலுக்கும் பிறவிப் பகை. கைக்குழந்தையாக இருந்தபோது டின் பால் கொடுத்தார்கள். குடித்ததை எல்லாம் கக்கினாள். கன்னமும் முழங்கை மடிப்பும் சிவந்து வெடித்தன. ஒருநாள் மலத்தில் ரத்தக் கீற்று தெரிந்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாலில் உள்ள புரதம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்தார்கள். சோயாவைக் கொடுத்துப் பார்த்தபோதும் அதே கதைதான். கடைசியில் மருந்துக் கடையில் மட்டும் கிடைக்கும் ஒரு பவுடரை எழுதிக் கொடுத்தார்கள். அதைக் கரைத்தால் வேகவைத்த உருளைக்கிழங்கைத் துருப்பிடித்த தகரத்தில் மூடிவைத்தது போல ஒரு வாடை வரும். சில்லுவுக்கு அதுதான் அமிர்தம். இன்னும் இன்னும் என்று கோப்பையை நீட்டுவாள்.

கால் உடைந்த புதிதில், கக்கத்தில் ஊன்றுகோலும் கையில் குழந்தையுமாக அவன் முதன்முறையாகத் தனியாகக் கிளினிக்குக்குப் போனான். இதற்குமுன் மனைவியோடு போயிருக்கிறான். ஆனால் அப்போதெல்லாம் அவன் வேலை குழந்தையின் செருப்பைத் தேடுவது மட்டும்தான். உணவு ஆலோசகர் சில்லுவை எடை போட்டு, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார்.

"எடை பரவாயில்ல. ஆனா நாள் முழுக்கப் பவுடர் பாலையே குடிச்சு வயித்தை ரொப்பிக்கிறா, சோத்தைத் தொட மாட்டேங்கிறா. ரெண்டு வயசாயிடுச்சு. இனிமே கொஞ்சம் கொஞ்சமா கடையில கிடைக்கிற தாவரப் பாலுக்கு மாத்திடலாம்."

"சரிங்க."

"எந்தப் பாலுன்னு கேக்க மாட்டீங்களா?"

அவன் அசடு வழியச் சிரித்தான். "சொல்லுங்க மேடம்."

"முதல்ல எதெல்லாம் கூடாதுன்னு சொல்றேன். பசும்பால், எருமைப்பால், ஆட்டுப்பால் எதுவும் வேணாம். ஆட்டுப்பால் லேசானதுன்னு யாராவது வந்து சொல்வாங்க, கேக்காதீங்க. அதோட புரதமும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். 'லாக்டோஸ் இல்லாத பால்'னு ஒண்ணு விப்பாங்க. அதுல சர்க்கரையை மட்டும்தான் உடைச்சிருப்பாங்க. இவளுக்குப் பாலோட சர்க்கரைகிட்ட சண்டை இல்ல, புரதத்துக்கிட்டதான் சண்டை."

"பாதாம் பால்?"

"தண்ணியில பாதாமோட நிழல் விழுந்த மாதிரி இருக்கும். வளர்ற குழந்தைக்குப் புரதம் பத்தாது. அரிசிப் பாலும் இந்த வயசுல தினமும் குடுக்கிற பாலா வேணாம்."

"சோயா ஏற்கெனவே ஒத்துக்கல. அப்போ மிச்சம் என்னதான் இருக்கு மேடம்?"

"பட்டாணிப் பால் இருக்கு. புரதம் நல்லா இருக்கும். ஆனா பட்டாணி சோயாவுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். சில குழந்தைகளுக்கு அதுவும் ஆகாது. துளியில ஆரம்பிச்சுப் பாருங்க. ஆகலன்னா ஓட்ஸ் பாலை வச்சு வேற வழி யோசிக்கலாம். கால்சியம் சேர்த்ததா, சர்க்கரை சேர்க்காததா பாத்து வாங்குங்க. முக்கியமா ஒண்ணு. ஒரு சமயத்துல ஒண்ணே ஒண்ணுதான் புதுசா இருக்கணும். ரெண்டு புதுசு சேர்ந்துட்டா எது பண்ணுச்சுன்னு பிரம்மாவுக்கும் தெரியாது."

வேலை முடிந்து வந்த மனைவியிடம் அவன் இதையெல்லாம் ஒப்பித்தான். அவள் டிக்கெட் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"கடைக்கு நான் வேணா லீவு போட்டு வரட்டுமா?"

"எதுக்கு? நானே போறேன்."

"கோவிச்சுக்காதீங்க. நீங்க வெளுத்ததெல்லாம் பால்னு நம்புற ஆளு. கடைக்காரன் ஒண்ணை எடுத்து நீட்டினா வாங்கிட்டு வந்துடுவீங்க. ஊர்ல எல்லாருக்கும் சரி சொல்லுங்க, நான் ஒண்ணும் சொல்லல. இந்த ஒரு விஷயத்துல மட்டும் யாருக்கும் சொல்லிடாதீங்க."

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் கூடுதலாக வலித்தது.

பெரிய கடையில் பால் வகைகளுக்கென்றே ஒரு முழு வரிசை இருந்தது. சில்லுவைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து, ஊன்றுகோலை வண்டியில் சாய்த்து, வண்டியையே ஊன்றுகோலாக்கிக்கொண்டு நடந்தான். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்பது அவனுக்குத் தெரியாததல்ல. முட்டையோட்டு வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, நீலம் கலந்த வெள்ளை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். ஆனால் இங்கே எல்லாப் பெட்டிகளும் ஒன்றுபோலவே சிரித்தன. எல்லாவற்றின் முகத்திலும் ஒரு பச்சை இலை, ஒரு சூரியன், ஒரு கொழுகொழு குழந்தை.

கடையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி உதவிக்கு வந்தாள். "குழந்தைக்கா சார்? இதை எடுங்க. ஓட்ஸ், வெனிலா சுவை. நல்லா போகுது."

"சரிம்மா" என்று வாய் சொல்லிவிட்டது. கையும் வாங்கி வண்டியில் போட்டுவிட்டது. நாலு அடி நகர்ந்தவன் நின்றான். திரும்பி வந்து பெட்டியை எடுத்துப் பின்பக்கம் பார்த்தான். எழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருந்தது. போனைப் பிடித்துப் பெரிதாக்கிப் படித்தான். தண்ணீருக்கும் ஓட்ஸுக்கும் அடுத்தபடி சர்க்கரை நின்றுகொண்டிருந்தது. பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தான். அந்தப் பெண் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருவர் கொடுத்ததை அவர் கண்ணெதிரிலேயே திருப்பி வைப்பது அவன் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. காது மடல் சூடேறியது. ஆனாலும் தலைமேல் எதுவும் இடிந்து விழுந்துவிடவில்லை.

பட்டாணிப் பால் அடித்தட்டில் இருந்தது. மாவுக்கட்டுக் காலோடு குனிய முடியாது. வேறு வழியில்லாமல் தரையிலேயே உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான். வந்தவர்கள் எல்லாம் அவன் காலைத் தாண்டிப் போனார்கள். இரண்டு வகை இருந்தது. இயற்கை விவசாயப் பட்டாணி என்று பெருமையடித்துக்கொண்ட பெட்டி பார்க்க அழகாக இருந்தது. ஆனால் பின்பக்கம் முழுக்கத் தேடியும் கால்சியம் என்ற சொல்லே இல்லை. இன்னொன்று முகத்தில் களையில்லாத சாம்பல் நிறப் பெட்டி. அதில் கால்சியம் இருந்தது, வைட்டமின் இருந்தது, சர்க்கரை இல்லை. சில்லு வண்டியிலிருந்து எட்டி அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள்.

"இரு தாயே, உனக்குத்தான் மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கேன்" என்றான். தாண்டிப்போன ஒரு அம்மாள் சிரித்துவிட்டு, அவன் எழுந்திருக்கக் கை கொடுத்தாள்.

மாப்பிள்ளை பார்த்ததென்னவோ சரிதான், பொண்ணுக்குத்தான் பிடிக்கவில்லை. தனியாகக் கொடுத்த துளியைச் சில்லு வாயில் வைத்த வேகத்தில் அவன் சட்டையில் துப்பினாள். இரண்டாம் தடவை கோப்பையோடு தட்டிவிட்டாள். அவன் மனம் தளரவில்லை. ஒரு சுவரின் நிறத்தை மாற்றுகிறபோது வீட்டுக்காரருக்குக் கண் உறுத்தாமல் இருக்க, பழைய நிறத்தில் புதியதைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து காட்டுவது அவனுக்குப் பழக்கம்தான். ஆலோசகரிடம் போனில் கேட்டான். அப்படியே செய்யுங்கள், அதுதான் நல்லது என்றார். மறுநாளிலிருந்து வழக்கமான பவுடர் பாலில் ஒரே ஒரு தேக்கரண்டி பட்டாணிப் பால் போனது. சில்லு நிறுத்திக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் குடித்துவிட்டாள்.

இப்படி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா வந்தாள்.

அக்கா என்றால் மனைவியின் மூத்த சகோதரி. அடுத்த தெருவில் லாண்டரிக் கடை வைத்திருக்கிறாள். பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட, தங்கையைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அதனால் அவள் பேச்சுக்கு அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. அன்றைக்கு ஒரு தூக்கு நிறைய ஆட்டுப் பாலோடு வந்து நின்றாள்.

"இந்தா தம்பி. நம்ம கடையில துணி போடுறவங்க வீட்டுல ஆடு வளக்கிறாங்க. காலையில கறந்தது, சொல்லிவச்சு வாங்கிட்டு வந்தேன். காய்ச்சிக் குடு. நாலே நாள்ல குழந்தை உப்பிடும்."

"சரிக்..." என்று தொடங்கியவன் பாதியில் சொல்லை விழுங்கினான். "இல்லக்கா. வேணாம்."

அக்காவுக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலும். அல்லது விழுந்ததை நம்ப முடியவில்லை. "என்ன வேணாம்?"

"ஆட்டுப் பால். சில்லுக்கு ஆகாதுக்கா. கிளினிக்ல சொல்லியிருக்காங்க."

"ஆடு என்னைக்காவது கிளினிக்குப் போயிருக்கா? உன் பொண்டாட்டியை நான் இதைக் குடுத்துத்தான் வளத்தேன். இப்போ ஓடுற பஸ்ஸுல நின்னுக்கிட்டு ஊரையே சுத்தி வரா. அவளுக்கு என்ன ஆயிடுச்சு?"

"அவ வயிறு வேற, இவ வயிறு வேறக்கா."

"அப்போ நான் குழந்தைக்குக் கெடுதல் பண்ணுவேன்னு சொல்ற?"

இப்படிக் கேட்டால் எதிராளி சுருண்டுவிடுவான் என்று அக்காவுக்குத் தெரியும். இதற்குமுன் எத்தனையோ தடவை அவன் சுருண்டிருக்கிறான். இப்போது ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க பண்ண மாட்டீங்கக்கா. ஆனா இந்தப் பால் பண்ணும்."

அக்கா தூக்கை எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டிய வேகத்தில் அது ஒருமுறை கழன்று விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மனைவி வந்ததும் நடந்ததைச் சொன்னான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். சோறு பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு அவன் பக்கம் திரும்பினாள்.

"அக்காகிட்டயா சொன்னீங்க? நேருக்கு நேரா?"

"ஆமா."

"நானே சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

அக்காவின் கோபம் பால் மாதிரி. பொங்கினால் அடுப்பு அணையும், ஆனால் சீக்கிரம் அடங்கிவிடும். அவன் கால் எலும்பைப் படம் எடுக்கப் போக வேண்டிய நாளில், கடையை அடைத்துவிட்டு அவளே வந்து நின்றாள். "பால் விஷயத்துல நான் வாயே திறக்கல, போதுமா? நீ போயிட்டு வா. குழந்தையை நான் பாத்துக்கறேன்" என்றாள். அவனுக்கு நிம்மதியாக இருந்தது. கலந்துவைத்த கோப்பையைக் காட்டி, சோறும் வெந்த காரட்டும் எடுத்து வைத்துவிட்டுப் போனான். மதியம் திரும்பியபோது சில்லு வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தாள். "ஒரு பொட்டு மிச்சம் வைக்கல" என்று சொல்லிவிட்டு அக்கா கிளம்பிப் போனாள்.

தூங்கி எழுந்த சில்லு வாந்தி எடுத்தாள். அடுத்து இன்னொரு தடவை. மாலைக்குள் வயிறு போகத் தொடங்கியது. மறுநாள் காலையில் கன்னங்களில் பழைய சிவப்பு வந்து குந்திக்கொண்டது. மனைவி லீவு சொல்லிவிட்டாள். இருவருமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை, உடம்பில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புதிய பாலை உடனே நிறுத்துங்கள் என்றார்.

உணவு ஆலோசகரையும் ஒரு எட்டு போய்ப் பார்த்தார்கள். "வேற ஏதாவது புதுசா சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். நானேதான் எல்லாம் எடுத்து வச்சேன்."

"அப்போ பட்டாணிமேலதான் சந்தேகப்படணும். முழுசாத் தேறட்டும், அப்புறம் பேசுவோம்."

வீட்டுக்கு வந்தார்கள். சில்லுவை மடியில் போட்டு, சிவந்த கன்னத்தில் களிம்பு தடவிக்கொண்டே மனைவி சொன்னாள்.

"போதுங்க. அந்த நாத்தம் பிடிச்ச பவுடரே இருந்துட்டுப் போகட்டும். குழந்தையை வச்சு நாம சோதனை பண்ணவேணாம்."

துவண்டு கிடந்த குழந்தையை அவன் பார்த்தான். தான்தான் விஷம் வைத்துவிட்டோமோ என்றுகூட நினைத்தான். ஆனாலும் உள்ளுக்குள் ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது.

"கால் கோப்பை வரைக்கும் குடிச்சாளே. ஒண்ணும் பண்ணலையே. திடீர்னு ஏன்?"

"எனக்கென்ன தெரியும்?"

"எனக்கும் தெரியல. தெரியாம விட்டுட்டா அப்புறம் எல்லாத்தையும் பாத்துப் பயந்துக்கிட்டேதான் இருக்கணும். பவுடர் மட்டும் குடுப்போம், அவ தேறட்டும். ஆனா காரணம் தெரியாம நான் விடமாட்டேன்."

அவன் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. சரி என்று இந்தத் தடவை அவள் சொன்னாள்.

சமையலறையை அவன் அலசித் தீர்த்தான். காரட், அரிசி, எண்ணெய், குழந்தை சோப்பு, களிம்பு, எதுவும் புதியதல்ல. பட்டாணிப் பால் பெட்டியைத் திரும்பத் திரும்பப் படித்ததில் அதன் பின்பக்கம் மனப்பாடமே ஆகிவிட்டது. ஒன்றும் பிடிபடவில்லை.

அடுத்த நாள் அக்கா குழந்தையைப் பார்க்க வந்தாள். கன்னத்தைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ, என் கண்ணே! நான் அன்னைக்கே சொன்னேன், பட்டாணியில எங்கயாவது பால் வருமான்னு. கேட்டீங்களா?" என்று தொடங்கியவள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "சரி, நான் ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு என்கிட்ட எவ்வளவு சமத்தா சாப்பிட்டா தெரியுமா? சோத்தை முதல்ல தொடவே இல்ல. அந்தப் பொடியைக் கொஞ்சம் போட்டுக் குழைச்சுக் குடுத்தேன் பாரு, சட்டியை வழிச்சுத் தின்னுட்டா."

"என்ன பொடிக்கா?"

"பால் இல்லாத பொடிதான். டீயில போடுவாங்களே, வெள்ளையா. நான் என்ன முட்டாளா? நீ சொன்னதை மனசுல வச்சுக்கிட்டு, கடையில நின்னு, கேட்டு, 'பால் இல்லாதது'ன்னு போட்டிருக்கிறதாப் பாத்து வாங்கினேன். உன் வார்த்தைக்கு மதிப்புக் குடுத்துத்தான் வாங்கினேன் தம்பி."

"அது எங்கக்கா இருக்கு?"

பாக்கெட் அவள் கைப்பையிலேயே இருந்தது. மிச்சத்தைக் கடையில் டீக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாளாம். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'பால் இல்லாதது' என்றுதான் இருந்தது. அவன் திருப்பினான். போனில் பெரிதாக்கினான். பட்டியலின் நடுவில் வாயில் நுழையாத ஒரு பெயர். அதன் பக்கத்திலேயே இரண்டு சொற்கள்: பால் புரதம்.

அவன் சிரித்துவிட்டான். அடக்க முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"குழந்தை வாந்தி எடுத்துக் கிடக்கு, உனக்குச் சிரிப்பு வருதா?" அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பட்டாணி இல்லக்கா! பட்டாணிமேல தப்பே இருக்காது போலிருக்கு. இதைப் படிங்க."

அக்கா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் பின்பக்கம். அவள் முகம் சுண்டிப்போனது.

"இல்லாததுன்னு முன்னாடி எழுதிட்டு, இருக்குன்னு பின்னாடி எழுதுவாங்களா? இது என்ன நியாயம்?" என்றாள். பிறகு குரல் உடைந்தது. "அப்போ நான்தான் பண்ணேன். என் கையாலதான் குடுத்தேன்."

அவள் அழுது அவன் பார்த்ததில்லை. எத்தனையோ பேருடைய துணியில் எத்தனையோ கறையை எடுத்தவளுக்கு, முந்தானையால் துடைக்கத் துடைக்கக் கண்ணீர் நிற்கவில்லை. பெரியம்மா அழுவதைப் பார்த்துச் சில்லுவும் உதட்டைப் பிதுக்கினாள். பழைய ஆளாக இருந்தால் 'பரவாயில்லக்கா, விடுங்க' என்று சொல்லி முடித்திருப்பான். இப்போது அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தான்.

"அக்கா, நீங்க ஆசையிலதான் குடுத்தீங்க. நானும் கடையில ஒரு பெட்டியைப் பார்க்காம வண்டியில போட்டவன்தான். ஆனா ஒண்ணு கேட்டுக்கறேன். இனிமே என்கிட்டயோ உங்க தங்கச்சிகிட்டயோ கேக்காம ஒரு பருக்கைகூட அவ வாய்க்குப் போகக் கூடாது. அது அமிர்தமாவே இருந்தாலும் சரி. நீங்க கோவிச்சுக்கிட்டுப் போனாலும் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன்."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "கோவிச்சுக்கிட்டு எங்க போறது? என் வீட்டுக்குழந்தை." பாக்கெட்டை அவன் பக்கம் நகர்த்தி, "எனக்கும் அந்தப் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் குடு" என்றாள்.

அன்று மாலை விஷயத்தைக் கேட்ட மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அக்காவைத் திட்டுவதா, பொடி விற்றவனைத் திட்டுவதா என்று தெரியாமல், இரண்டு பேரையும் கொஞ்சம் கொஞ்சம் திட்டினாள். மறுநாள் அவன் பாக்கெட்டோடு கிளினிக்குக்குப் போனான். ஆலோசகர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இப்படித்தான் நடந்திருக்கும்" என்றார். தோல் முழுதாகத் தெளிந்த பிறகு பட்டாணிப் பாலை மறுபடியும் துளியிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்.

திரும்ப ஒரே ஒரு தேக்கரண்டி. முதல் நாள் கணவனும் மனைவியும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்கள்போலக் குழந்தையின் முகத்தையே பார்த்தார்கள். சில்லு இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏப்பம் விட்டாள். வாந்தி இல்லை. அடுத்த நாளும் இல்லை. கன்னம் கன்னமாகவே இருந்தது.

ஆனால் பொறுமைக்கு அவள் வைத்த சோதனை குறையவில்லை. ஒருநாள் அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்து, பாதிக்குப் பாதி கலந்துவிட்டான். சில்லு ஒரு மிடறு குடித்தாள், நிதானமாகக் கோப்பையைத் தூக்கினாள், மீதியை அவன் மாவுக்கட்டின் மேல் சுற்றிவர ஊற்றினாள். கட்டுக்குள் பால் இறங்கி, இரண்டு நாள் கழித்து அடித்த நாற்றத்தில் மனைவி அவனை ஜன்னலோரம் படுக்கச் சொன்னாள். இன்னொரு தடவை பால் ஆறிப்போனால் குடிப்பதில்லை, வெதுவெதுப்பாக இருந்தால் குடிக்கிறாள் என்று கண்டுபிடித்தான். இவள் விடாக்கண்டி என்றால் அவன் கொடாக்கண்டன். கோப்பை திரும்பி வந்தால் மறுநாள் ஒரு தேக்கரண்டி குறைத்தான். குடித்தால் ஒன்று கூட்டினான். இதற்கிடையில் ஒரு விஷயம் அவர்கள் கவனிக்காமலேயே நடந்துகொண்டிருந்தது. பாலை மொடக்கு மொடக்கென்று குடித்து வயிற்றை நிரப்புவது குறைந்ததால், சில்லுவுக்குப் பசிக்கத் தொடங்கியது. அம்மாவின் தட்டிலிருந்து சோற்றை அள்ளினாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் கோப்பையில் இருந்தது முழுக்கப் பட்டாணிப் பால். பவுடர் ஒரு சிட்டிகைகூட இல்லை. அவன் அதை மனைவியிடம் சொல்லவில்லை. அவள்தான் கொடுத்தாள். சில்லு குடித்தாள், மேலுதட்டில் வெள்ளை மீசையோடு காலிக் கோப்பையை நீட்டி, "இன்னும்" என்றாள்.

"பவுடர் கரைக்கட்டுமா?" என்று எழுந்தாள் மனைவி.

"பவுடர் எதுக்கு? அவ இப்போ குடிச்சதுல பவுடரே இல்ல."

அவள் கோப்பையை மோந்து பார்த்தாள். துருப்பிடித்த தகர வாடை இல்லை. அப்படியே உட்கார்ந்து குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "சொல்லாம ஏமாத்திட்டீங்களே ரெண்டு பேரும்" என்றாள். குழந்தையின் மீசையைத் துடைத்துவிட்டாள்.

அடுத்த முறை கிளினிக்கில் எடை நன்றாக ஏறியிருந்தது. இனி எப்போதும் இப்படியேதானா என்று மனைவி கேட்டாள். பல குழந்தைகளுக்கு வளர வளரச் சரியாகிவிடும், அடுத்த வருடம் இங்கேயே வைத்து ஒரு துளி பால் கொடுத்துப் பார்க்கலாம், நீங்களாக வீட்டில் எதையும் முயல வேண்டாம் என்றார் ஆலோசகர்.

கட்டைப் பிரித்தார்கள். கொஞ்சநாள் காலைத் தாங்கித் தாங்கி நடந்துவிட்டு, அவன் வேலைக்குத் திரும்பினான். பகலில் சில்லு அக்காவின் லாண்டரிக் கடையில் இருந்தாள். மேசையின் ஓரத்தில் அவளுக்கென்று ஒரு தட்டு, ஒரு கோப்பை. துணி கொண்டுவருகிறவர்கள் கொஞ்சலாக ஒரு மிட்டாய் நீட்டினால் அக்காவே முந்திக்கொண்டு வாங்கி, கண்ணாடியை மாட்டி, பின்பக்கம் திருப்பிப் படித்துவிட்டுத்தான் மறுவேலை. அவளுடைய கெடுபிடி தாங்காமல் சிலர் மிட்டாயைக் கண்ணிலேயே காட்டுவதில்லை.

ஒரு பிற்பகல் அவன் ஏணியின்மேல் நின்று மேற்கூரையோரம் தூரிகை ஓட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இறங்கி வந்து எடுத்தான். அக்காதான்.

"தம்பி, எதிர்வீட்டுக்காரங்க ரொட்டிப் பாக்கெட் ஒண்ணு குடுத்திருக்காங்க. பின்னாடி 'வே பவுடர்'னு ஒண்ணு போட்டிருக்கு. அது யாரு?"

"பாலைத் திரிச்சதும் வர்ற தண்ணியைக் காய வச்சதுக்கா. பால்தான்."

"எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. பேரைப் பாத்தா நல்லவன் மாதிரி இல்ல. வேணாம்னு சொல்லிட்டேன். அவங்க மூஞ்சி கொஞ்சம் சுருங்கிடுச்சு."

"சுருங்கட்டும். சில்லு என்ன பண்றா?"

"சட்டைக் காலர்ல சோத்தைத் தேய்ச்சுக்கிட்டிருக்கா. பரவாயில்ல, துவைச்சுக்கலாம். பாலை முழுசாக் குடிச்சிட்டா."

அவன் போனை வைத்ததும் மேஸ்திரி ஏணியை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார். அவன் ஏணியின் கால் ஊன்றியிருந்த இடத்தைக் குனிந்து பார்த்தான்.

"இங்க வழுக்குது அண்ணே. முதல்ல ஒரு பலகை கொண்டாரச் சொல்லுங்க, அப்புறம் தள்ளலாம்" என்றான்.

மேஸ்திரி ஒரு நிமிடம் அவனை வியப்பாகப் பார்த்துவிட்டு, பலகை தேடப் போனார்.